ஓடைக்கு அந்தப் பக்கம் எங்கள் பஞ்சாயத்து

நான் பிறந்தபோது எங்கள் ஊர் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் அது பெரம்பலூர் மாவட்டமாகிவிட்டது. என்னைக் கட்டிக்கொடுத்த வருடம் பெரம்பலூரிலிருந்து அரியலூரைத் தனியாகப் பிரித்திருந்தார்கள். அதனால் குன்னம் பக்கத்திலிருந்து செந்துறைப் பக்கத்துக்கு, சைக்கிளில் போய்விடுகிற தூரத்துக்கு, வாழ்க்கைப்பட்டதே மாவட்டம் விட்டு மாவட்டம் போனதாயிற்று. அடுத்த வருடம் இரண்டையும் மறுபடி ஒன்றாகச் சேர்த்தார்கள். மகன் பிறந்தது அந்தச் சேர்ந்திருந்த காலத்தில். அவனுடைய பிறப்புச் சான்றிதழில் பெரம்பலூர் மாவட்டம் என்று இருக்கும். திரும்பவும் பிரித்த பிறகு பிறந்தவள் மகள். அவளுக்கு அரியலூர். இரண்டு பேரும் பிறந்தது ஒரே ஆஸ்பத்திரியில்தான்.

இதெல்லாம் எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பஸ் அதே பஸ், சந்தை அதே சந்தை. எம்.எல்.ஏ. கூட இரண்டு பக்கத்துக்கும் ஒருவரே. மாவட்டம் மாறினால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

நான் வாழ்க்கைப்பட்ட இடத்தை ஊர் என்று சொல்ல முடியாது. கொட்டாய் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். காட்டில் கிணறு வெட்டி மோட்டார் போட்டவர்கள் அவரவர் கொல்லை நிலத்திலேயே வீடு கட்டிக்கொண்டு, பிறகு பிள்ளைகள் பெருகி, வீடுகள் பெருகி, ஒரு தெரு மாதிரி ஆன இடம். மேற்கே ஒரு தார் ரோடு. ரோட்டின் இந்தப் பக்கம் அரியலூர் மாவட்டம், அந்தப் பக்கம் பெரம்பலூர் மாவட்டம், குன்னம் தாலுகா. எங்களுடைய பஞ்சாயத்து, ரேஷன் கடை, கிராம நிர்வாக அலுவலர் ஆபீஸ், ஓட்டுப் போடுகிற பள்ளிக்கூடம், துணை சுகாதார நிலையம் எல்லாம் கிழக்கே, ஓடைக்கு அந்தப் பக்கம் தாய்க்கிராமத்தில். ஓடையில் ஒரு தரைப்பாலம் உண்டு. வெயில் காலத்தில் அதில் ஆடு மேயும். ஐப்பசி, கார்த்திகையில் அதன் மேல் தண்ணீர் போகும்.

ரோட்டைத் தாண்டினால் அந்த மாவட்டத்துக் கடைத்தெரு, அங்கன்வாடி, டவுன் பஸ் எல்லாம் கூப்பிடு தூரம். மளிகைக்கும் பஸ்ஸுக்கும் நாங்கள் அங்கேதான் போவோம். சர்க்கார் வேலை எதுவானாலும் ஓடையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

எங்கள் கொட்டாய் மொத்தமும் ஒரு வார்டு. கடைசியாக நடந்த உள்ளாட்சித் தேர்தலில் அது பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, எதிர்த்து நிற்க ஆளில்லாமல் வார்டு மெம்பரானார். எட்டாவது வரை படித்தவர். சோளம் ஒடிக்கிற வேலையை விட்டுவிட்டு வந்து பதவி ஏற்றுக்கொண்டு, சாயங்காலம் மறுபடி சோளம் ஒடிக்கப் போனார். பல வீடுகளில் மெம்பர் வேலையைப் புருஷன்தான் பார்ப்பார். ஓரகத்தியின் புருஷன், எங்கள் மூத்தார், அதில் தலையிடவே இல்லை. "அவ ஜெயிச்சா, அவ பாக்கட்டும். எனக்கு வெங்காயத்துக்குத் தண்ணி கட்டணும்" என்று சொல்லிவிட்டார். ஓரகத்தியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். நான் செந்துறை ஒன்றியத்தில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை என்பதால் அவர் என்னைச் சில நேரம் டீச்சரம்மா என்பார், வேலை வாங்க வேண்டுமென்றால் மட்டும்.

அவர் மெம்பராகி இரண்டாவது மழைக்காலம். ராத்திரி முழுக்கப் பெய்து காலையில் விட்டிருந்தது. அரியலூர் மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை என்று போனில் செய்தி வந்தது. பெரம்பலூருக்கு விடுமுறை இல்லை. எங்கள் வீட்டு வாசலில் நின்றால் ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பை மாட்டிக்கொண்டு போவது தெரியும். என் மகள் அதைப் பார்த்துவிட்டு மறுபடி போர்த்திக்கொண்டு படுத்தாள்.

அன்றைக்குத் தாய்க்கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை. எங்கள் கொட்டாயில் ஒரு மருமகப் பெண்ணுக்கு எட்டாம் மாதம். விக்கிரமங்கலம் பக்கத்திலிருந்து வந்த பெண். வாய் திறந்து பேசவே யோசிப்பாள். போன முறை போகாமல் விட்டிருந்ததால் நர்ஸம்மா கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தாள். அவள் மாமியாருக்கு முழங்கால் வலி. அதனால் அக்கா, "நான் கூட்டிட்டுப் போறேன், எனக்கும் பஞ்சாயத்து ஆபீஸ்ல வேலை இருக்கு" என்று அவளை அழைத்துக்கொண்டு போனார்.

நான் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தேன். ஓடைப் பக்கமிருந்து அக்கா என்னைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது இரண்டு பேரும் தரைப்பாலத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் இடுப்புவரை நனைந்திருந்தாள். கணுக்கால் அளவுத் தண்ணீர்தான். அடியில் பாசி. கால் வழுக்கி ஒருக்களித்து விழுந்திருக்கிறாள். தண்ணீர் இழுப்பதற்குள் அக்கா முடியையும் புடவையையும் சேர்த்துப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். அக்காவின் முழங்கைத் தோல் உரிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"லேசா இழுக்குது டீச்சர்" என்றாள் அந்தப் பெண். முகம் வெளுத்துப்போயிருந்தது.

அவளை மெதுவாக நடத்தி ரோட்டுக்குக் கூட்டிவந்தோம். ரோட்டுக்கு வருவதற்குள் வலி லேசாக இல்லை. 108க்குப் போன் போட்டேன். வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். அதற்குள் வெங்காய மூட்டை ஏற்றிய ஒரு குட்டியானை வண்டி வந்தது. வண்டிக்காரர் ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். எங்களைப் பார்த்ததும் அவராகவே நிறுத்தினார். மூட்டைகளை ரோட்டோரமாக இறக்கிப் போட்டுவிட்டு, சாக்கு விரித்து, "ஏறுங்கம்மா, பெரம்பலூருக்கே போயிருவோம்" என்றார். மூட்டைக்கு யார் காவல் என்று அவர் கேட்கவும் இல்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. பாதி வழியில் ஆம்புலன்ஸ் எதிரே வர, அதில் அவளை மாற்றினோம். உள்ளே இருந்த பையன் அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூச்சை இழுத்து விடுங்கக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அக்காவும் கூடவே மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு வந்தார்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் மத்தியானம் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. கோழிக்குஞ்சு மாதிரி இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பிழைக்குமா என்று கேட்டதற்கு டாக்டரம்மா, "பால் எடுத்துக் குடுங்க, பாப்போம்" என்றார். அந்த மாதம் முழுக்க அக்காதான் சோறு கட்டிக்கொண்டு போய்வந்தார். குழந்தை மெல்ல எடை ஏறியது. பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அனுப்பிய அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டின் நடுவில் அக்கா நின்றார்.

"இந்தப் பக்கம் நம்ம மாவட்டம், அந்தப் பக்கம் அவங்க மாவட்டம். இதை யாரும்மா போட்டது?"

"கவர்மெண்டுதான்க்கா."

"அப்ப கவர்மெண்டுகிட்டயே கேப்போம், நம்மளை அந்தப் பக்கம் சேத்துக்கச் சொல்லி. நீ ஒரு மனு எழுதிக் குடு."

எழுதிக்கொடுத்தேன். எங்கள் குக்கிராமத்தை இந்தப் பஞ்சாயத்திலிருந்து பிரித்து, அடுத்த மாவட்டத்தில் உள்ள பக்கத்துப் பஞ்சாயத்தோடு சேர்க்க வேண்டும் என்று. முதலில் அக்கா அதைக் கிராம சபையில் வைத்தார். பஞ்சாயத்துத் தலைவர் நல்ல மனிதர். கோபப்படவில்லை. ஆனால் கணக்குத் தெரிந்தவர்.

"ஆத்தா, நம்ம பஞ்சாயத்துக்கு நிதி வர்றதே தலைய எண்ணித்தான். உங்க கொட்டாய் போச்சுன்னா எங்களுக்கும் கொறையும். அது கெடக்கட்டும், உன் வார்டே இருக்காது. நீ மெம்பராவும் இருக்க மாட்ட. யோசிச்சியா?"

"வார்டு இல்லாட்டி என்னங்க, வூடு இருக்குல்ல" என்றார் அக்கா.

சபையில் சிலர் சிரித்தார்கள். தீர்மானம் நிறைவேறவில்லை. தாய்க்கிராமத்துக்காரர்கள் கை தூக்காததில் ஆச்சரியமில்லை. எங்கள் கொட்டாயிலேயே பாதிப்பேர் கை தூக்கவில்லை. அதுதான் அக்காவுக்கு வருத்தம். வீடு வீடாகப் போய்க் கேட்டார். ஒருவர், குலசாமி கோயில் தாய்க்கிராமத்தில் இருக்கிறது, மாவட்டம் மாறினால் நம்மிடம் திருவிழா வரி வாங்காமல் ஒதுக்கிவிடுவார்கள் என்றார். இன்னொருவர், மகனுக்குச் சாதிச் சான்றிதழ் அரியலூரில் வாங்கியாயிற்று, இனி எல்லாம் முதலிலிருந்து அலைய வேண்டுமே என்றார். சிமெண்ட் ஃபேக்டரியில் அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்குத்தான் வேலை என்று யாரோ கிளப்பிவிட்டதை நம்பி மூன்றாவது வீட்டில் கதவையே திறக்கவில்லை. அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சி பெருமாள் கோயிலுக்கு வருடா வருடம் போகிற ஒரு பெரியவர், "நேத்து வரைக்கும் அரியலூர்க்காரன்னு சொல்லிட்டு நாளைக்கு எப்புடித்தா பெரம்பலூர்க்காரன்னு சொல்றது?" என்று கேட்டார். அவர் பிறந்தபோது திருச்சிக்காரர் என்று நான் நினைவூட்டினேன். "அது வேற" என்றார்.

அக்கா விடவில்லை. கையெழுத்துப் போடச் சம்மதித்தவர்களிடம் வாங்கிக்கொண்டு, ஒரு திங்கட்கிழமை அரியலூர் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனார். நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். மனுவை வாங்கிப் படித்துப் பார்த்து, விசாரிக்கச் சொல்வதாகச் சொன்னார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ரொம்ப நம்பிக்கையாக இருந்தார். மாவட்டம் மாறினால் ரேஷன் கார்டை எங்கே மாற்ற வேண்டும், ஆதாரில் என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

விசாரணைக்குத் தாசில்தாரே வந்தார். என் வயதிருக்கும், பெண். ஜீப்பை ரோட்டில் நிறுத்திவிட்டு, சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடைவரை நடந்து போய்ப் பார்த்தார். தரைப்பாலத்தில் பாசி அப்போதும் இருந்தது. திரும்பி வந்து எங்கள் வீட்டில் மோர் குடித்தார்.

"நீங்க சொல்றது நியாயந்தாம்மா. ஒரே தாலுகாவுக்குள்ளன்னா பரவாயில்ல. மாவட்டம் விட்டு மாவட்டம் மாத்துறது எங்க கையில இல்ல. சென்னையில ஆர்டர் போடணும். ரெண்டு மாவட்டமும் ஒத்துக்கணும், ரெண்டு பஞ்சாயத்தும் தீர்மானம் போடணும். அதெல்லாம் நடந்தாலும் இப்ப முடியாது. மக்கள்தொகை கணக்கெடுப்பு வரப்போகுது. அது முடியுற வரைக்கும் எல்லையை யாரும் தொடக் கூடாதுன்னு உத்தரவு."

"ஏங்க?"

"எந்தக் கிராமம் எந்த மாவட்டத்துல இருக்குன்னு நிறுத்தி வச்சுட்டுத்தான் எண்ண முடியும். எண்ணிக்கிட்டிருக்கும்போது ஊரு அங்கயும் இங்கயும் நகந்தா கணக்கு வராதுல்ல."

அக்கா கேட்டார்: "சரிங்க. எப்ப எண்ணுவீங்க?"

தாசில்தார் டம்ளரைக் கீழே வைத்தார். "அது தள்ளிப்போயிட்டே இருக்கும்மா. எப்பன்னு எங்களுக்கும் சொல்லல."

அவர் போன பிறகு அக்கா தொழுவத்துக்குப் போனார். மாட்டைப் பிடித்துக் கட்டினார், பால் கறந்தார். "நம்மளை எண்ணுறதுக்குத்தான் நேரமில்ல, எண்ணுற வரைக்கும் அசையாம இருக்கச் சொல்றாங்க" என்று மட்டும் பால் செம்பை என்னிடம் கொடுக்கும்போது சொன்னார்.

இரண்டு பஞ்சாயத்தும் தீர்மானம் போட வேண்டும் என்று தாசில்தார் சொன்னதை மட்டும் அவர் பிடித்துக்கொண்டார். கணக்கெடுப்பு முடிகிறபோது முடியட்டும், அதற்குள் ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பஞ்சாயத்தில் ஒரு தீர்மானத்தையாவது வாங்கி வைத்துவிடலாம் என்று நினைத்தார். அவர்களுடைய தலைவரைப் பார்க்க ஒரு புதன்கிழமை சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். தலைவர் வெளியூர் போயிருந்தார். அங்கன்வாடியில் தடுப்பூசி போட்டு முடித்து, அந்த ஊர் நர்ஸம்மா பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். எங்களைத் தெரியும். கடைத்தெருவில் பார்த்துச் சிரிப்போம். எங்கே இந்தப் பக்கம் என்று கேட்டார். அக்கா மொத்தத்தையும் சொன்னார். ஓடை, பாசி, விழுந்தது, குட்டியானை, கண்ணாடிப் பெட்டி, மனு, தாசில்தார் எல்லாம்.

நர்ஸம்மா கேட்டு முடித்துவிட்டு, "மாசமா இருக்கறவங்களை இங்க பதியுறதுக்கு மாவட்டம் எதுக்குங்க மாறணும்?" என்றார்.

அக்காவுக்குப் புரியவில்லை. "நாங்க அரியலூர் மாவட்டங்க."

"இருந்தா என்ன? அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்கு வர்ற பொண்ணுங்க எத்தனை மாவட்டத்துலேர்ந்து வருது, எல்லாருக்கும் இங்கதான் பாக்குறேன். அந்தப் பொண்ணு வந்து கேட்டிருந்தா அவ பதிவு நம்பரைப் போட்டு நானே பாத்திருப்பேன். ஓடைக்கே போயிருக்க வேண்டாம்."

அக்கா அங்கன்வாடிப் படியில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸம்மாவுக்குத் தான் சொன்னது எப்படிப் பட்டது என்று தெரிந்துவிட்டது போலிருக்கிறது. அவரும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நானும் ரோட்டைத் தாண்டி வந்ததில்லைங்க. இதுவரைக்கும்தான் உங்க எல்லைன்னு வேலைக்குச் சேந்தப்ப சொன்னாங்க. நின்னுட்டேன். உங்க கொட்டாய்ல யாரு மாசமா இருக்கான்னு கண்ணுல படத்தான் செய்யும். அங்க யாராவது பாப்பாங்கன்னு விட்டுட்டேன்."

நாங்கள் இருட்டுவதற்கு முன் திரும்பினோம். ரோட்டைத் தாண்டும்போது அக்கா சொன்னார்: "கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். நாந்தானே அந்தப் புள்ளையக் கையப் புடிச்சு ஓடைக்குக் கூட்டிட்டுப் போனேன்."

"யாருக்கும் தெரியலையேக்கா" என்றேன். எனக்கும் தெரியவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான். அந்த அங்கன்வாடி வாசலைத் தாண்டித்தான் அம்மா வீட்டுக்குப் போவேன். அப்படியும் ஒருநாள் உள்ளே போய்க் கேட்டதில்லை.

அக்கா அன்றைக்கே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். சொல்ல வேண்டாம் என்றுதான் நான் நினைத்தேன். அவர் கேட்கவில்லை. "எனக்கும் அது தோணலையே பெரியம்மா" என்று அந்தப் பெண் சாதாரணமாக எடுத்துக்கொண்டாள். மாமியார் அப்படி விடவில்லை. மெம்பர் என்று ஒருத்தி இருந்து இது கூடத் தெரியாதா என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். அக்கா நின்று கேட்டுக்கொண்டார். அந்த அம்மா பொங்கல் வரை எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பொங்கலன்று கரும்பு கொடுத்தனுப்பினார். அதோடு சரியாயிற்று.

அதற்குப் பிறகு அக்கா மாவட்டம் மாற்றுகிற பேச்சைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, எதற்கெல்லாம் மாவட்டம் மாற வேண்டாம் என்று கேட்க ஆரம்பித்தார். இரண்டு பக்கத்து ஆபீஸ்களிலும் படியேறினார். கர்ப்பிணிகள் எல்லோரும் ரோட்டுக்கு அந்தப் பக்கமே பதிந்துகொண்டார்கள். ரேஷனுக்கு எங்கள் கொட்டாயிலேயே பகுதி நேரக் கடை கேட்டு, தலைவரையும் கூட்டிக்கொண்டு நான்கைந்து முறை அலைந்தார். கொட்டாய் தன் பஞ்சாயத்திலேயே இருக்கும் என்பதால் தலைவர் இதற்குச் சந்தோஷமாக வந்தார். கடை வந்துவிட்டது. ஓடைக்குப் பாலம் வரவில்லை. இரண்டு முறை வந்து அளந்துகொண்டு போயிருக்கிறார்கள். ஓட்டுப் போட இன்னமும் ஓடையைத் தாண்டித்தான் போகிறோம்.

உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்துவிட்டது. அடுத்த தேர்தல் வராததால் இப்போது பஞ்சாயத்துக்குத் தனி அலுவலர். அக்கா மெம்பர் இல்லை. ஆனாலும் தெருவிளக்கு எரியாவிட்டால் அவர் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கிறார்கள். கணக்கெடுப்பு ஒருவழியாக வருகிறது என்றும் ஆசிரியர்களுக்குத்தான் வேலை இருக்கும் என்றும் பள்ளிக்கூடத்தில் பேசிக்கொள்கிறார்கள். அது முடிந்ததும் மனுவை மறுபடி கொடுக்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "குடுப்போம். பாதிப்பேரு மறுபடி வேண்டாம்பாங்க. இருந்தாலும் குடுப்போம்" என்றார்.

போன மாசியில் அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது பிரசவம். ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், நாள் தவறாமல், பிரச்சினை எதுவும் இல்லாமல் பிறந்தது. பையன். மூத்தவளை அக்காவிடம் விட்டுவிட்டு மாமியாரும் மருமகளும் போயிருந்தார்கள். மூத்தவள் மத்தியானம் வரை அக்காவோடு வெங்காயம் ஆய்கிற இடத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். தம்பி பிறந்திருக்கிறான் என்று போன் வந்ததும், யாரிடமும் சொல்லாமல் கைநிறைய வெங்காயத்தை அள்ளிப் பாவாடையில் போட்டுக்கொண்டு, அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். அக்கா பின்னாலேயே ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டார். இரண்டு பேரும் அப்படியே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.